மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மனு ஸ்பேமில் இருக்கிறது

1. பெட்டியில் தங்கம் வைத்திருந்த விதவை

ஜெனரல் மேனேஜர் தன் அறையிலிருந்து என்னைக் கத்திக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றதும் பெரிய கூட்டத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். நான், ஒரு சர்வர் ரூம், மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அறுந்துபோகும் ஒரு ஃபைபர் லைன். அவ்வளவுதான்.

“சுமதி, இங்க வாங்க. இதைப் படிங்க.”

திரையில் ஒரு மெயில். எங்கோ ஒரு நாட்டில் கணவனை இழந்த பெண்மணி ஒருத்தி, பெட்டி நிறையத் தங்கம் வைத்திருக்கிறாளாம். அதைப் பாதுகாக்க இந்த உலகத்தில் எங்கள் ஜி.எம். ஒருவரைத்தான் நம்புகிறாளாம்.

“நேத்து ஒரு விதவை. இன்னைக்கு மூணு பேர். நாளைக்கு சங்கமே ஆரம்பிச்சுருவாங்க போல. இதுக்கு நடுவுல தேயிலை வாங்கற பையர்கிட்ட இருந்து வந்த முக்கியமான மெயிலை நான் பாக்காம விட்டுட்டேன். இனிமே ஒரு விதவையும் என் இன்பாக்ஸுக்கு வரக்கூடாது.”

ஸ்பேம் ஃபில்டர் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதோடு வரும் ரெடிமேட் ரூல்கள் இந்தப் பெண்மணிகளைப் பிடிக்கவில்லை. ஆகவே கஸ்டம் ரூல் எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்பேம் ஃபில்டர் ஒரு மெயிலைப் படித்து மார்க் போடும். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், இங்கே அதிக மார்க் வாங்கினால் ஃபெயில். இன்ன சொல் இருந்தால் இவ்வளவு, இலவச ஐடியிலிருந்து வந்திருந்தால் இவ்வளவு, இரண்டும் சேர்ந்தால் கூடுதலாக இவ்வளவு என்று ஒவ்வொரு ரூலுக்கும் ஒரு ஸ்கோர் உண்டு. மொத்தம் ஐந்தைத் தாண்டினால் மெயில் இன்பாக்ஸுக்குப் போகாது. க்வாரன்டைன் என்ற தனி அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாள் யாரும் கவனிக்காவிட்டால் தானாக அழிந்துவிடும். அனுப்பியவருக்கு ஒரு தகவலும் போகாது.

விதவையின் மெயில்களை வரிசையாக வைத்துப் படித்தேன். பெயரும் நாடும் மாறினாலும் பேச்சு ஒன்றுதான். பெருமதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் வேண்டுகிறேன், கண்ணீருடன் எழுதுகிறேன், உங்கள் கருணையை நாடுகிறேன், கடவுள் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பார், மிக மிக அவசரம். இதற்கெல்லாம் இங்கிலீஷில் என்னென்ன உண்டோ அத்தனையையும் பேட்டர்னாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஸ்கோர் போட்டு, நாலைந்து சேர்ந்து வந்தால் கூடுதல் ஸ்கோர் என்று ஒரு மெட்டா ரூலும் வைத்தேன். விதவைகள் அன்றே நின்றார்கள்.

“எங்க போனாங்க அவங்கெல்லாம்?” என்று ஜி.எம். கேட்டார்.

“க்வாரன்டைன்ல இருக்காங்க சார்.”

“அங்கயே சௌக்கியமா இருக்கட்டும்.”

2. காலைப் பொழுதுபோக்கு

ஊட்டி காந்தலிலிருந்து பஸ் பிடித்து குன்னூர் வந்து சேரும்போது ஆபீஸில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு க்வாரன்டைனைத் திறந்து படிப்பேன். அப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அது ருசி. ஆளைப் பார்க்காமல், எழுத்தை மட்டும் பார்த்து, இவன் யார், எங்கிருந்து எழுதுகிறான், என்ன பசி என்று யோசித்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. மற்றவர்கள் பேப்பரில் ராசிபலன் படிப்பார்கள், நான் இதைப் படித்தேன்.

ஒரு நாள் அப்படிப் படிக்கையில் ஒரு புது விதவை. பெருமதிப்பிற்குரிய ஐயா, கண்ணீருடன், கருணையுடன் எல்லாம் இருந்தது. ஸ்கோர் ஏழு. தங்கம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். தங்கம் வரவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கூரைத் தகரம் ஓட்டையாகிவிட்டது, மாற்றித் தரவும் என்று முடிந்தது.

வாயிலிருந்த வர்க்கியை விழுங்கவே கொஞ்ச நேரம் ஆனது. இன்னும் கீழே போய்ப் பார்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், லீவு வேண்டும் என்று ஒன்று. தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று ஒன்று. எல்லாம் குந்தா பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட்டிலிருந்து வந்தவை. கொரோனா காலத்தில் தலைமை அலுவலகம் காகித மனு வாங்குவதை நிறுத்தி, எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பச் சொன்னது. கொரோனா போனது, வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அந்தத் தொழிலாளிகளுக்கு மெயில் ஐடி ஏது? எல்லா மெயிலும் ஒரே அச்சாக இருந்ததால் எழுதியது ஒரே கைதான் என்பது தெரிந்தது. கடைசி வரியில் கையின் விலாசமும் இருந்தது. பிக்கட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடை, போன் நம்பரோடு.

எல்லா மெயில்களையும் விடுவித்து, தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு அந்த நம்பரைக் கூப்பிட்டேன்.

3. “எம்பட இங்கிலீஷ்ல என்னங்க குத்தம்?”

கடைக்காரர் பெயர் சிவகுமார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏனுங்க மேடம், எம்பட இங்கிலீஷ்ல என்னங்க குத்தம்? இந்த மாடல் மனு பழைய முதலாளி வச்சிருந்ததுங்க. தாசில்தார் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், எல்லாப் பக்கமும் இதுதானுங்க போவுது.”

“இங்கிலீஷ் நல்லாத்தாங்க இருக்குது. ஆனா கூரை ஒழுகறதுக்கு எதுக்குங்க கண்ணீரு? நேரா விஷயத்தைச் சொன்னாப் போதாதுங்களா?”

“நேரா எழுதுனா பெரிய ஆபீஸ்ல மதிப்பாங்களா மேடம்? யாரோ திமிர் புடிச்சவன் எழுதியிருக்கான்னு தூக்கிப் போட்ருவாங்க. பணிவு வேணுமுங்க.”

“இப்ப அந்தப் பணிவைத்தானுங்க மெஷின் தூக்கிப் போடுது.”

அவர் நம்பவில்லை. ஒரே ஐடியிலிருந்து அனுப்பினால் அதை மட்டும் தடையில்லாமல் விடும் ஒயிட்லிஸ்டில் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. வரும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் புதிதாக ஒரு இலவச ஐடி திறந்து, அதிலிருந்து மனுவை அனுப்புகிறார். “அவங்கவங்க மனு அவங்கவங்க பேர்ல போறதுதானுங்க முறை” என்றார். முறைதான். ஆனால் இன்றைக்குத் திறந்த ஐடி, இன்றைக்கே அவசரம், இன்றைக்கே கண்ணீர் என்றால் எந்த ஃபில்டர்தான் நம்பும்?

4. நம்பர்

அடுத்த சில நாட்கள் விதவைகளையும் எங்கள் தொழிலாளிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டு பேரும் எப்படி ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. சோறு ஆக்கும்போதும் அதே நினைப்பு. எனக்குத் தோன்றிய பதில் இதுதான். ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் எந்தெந்த ஊரில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்தானோ, அங்கெல்லாம் அவனிடம் இப்படித்தான் கேட்க வேண்டியிருந்தது. அவன் போய்விட்டான், அவனிடம் கேட்ட பாஷை மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. அதைத் திருடனும் எடுத்துக்கொண்டான், தொழிலாளியும் வைத்துக்கொண்டான். சரியோ தப்போ, எனக்குப் பிடித்த விளக்கம் இது.

ஆனால் ரூல் எழுத விளக்கம் உதவாது. வித்தியாசம் வேண்டும். அது ஒரு நாள் கண்ணில் பட்டது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் பெயருக்குப் பக்கத்தில் செக்ரோல் நம்பர், டிவிஷன், லயத்தின் நம்பர், எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். எஸ்டேட்டில் ஆள் வந்ததைத் தினமும் குறிப்பது செக்ரோல். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. காலையில் ஆட்கள் வந்து நிற்கும் பெரட்டில் பேர் கூப்பிடுவதும் சம்பளம் போடுவதும் அதை வைத்துத்தான். பெயரைக் கேட்டால் நம்பரையும் சேர்த்துச் சொல்வது அவர்களுக்குப் பழக்கம். உலகத்தில் எந்த விதவையும் தன் லயத்தின் நம்பரைச் சொல்லித் தங்கம் தருவதில்லை.

செக்ரோல் நம்பரும் டிவிஷனும் சேர்ந்து வந்தால் ஸ்கோரைக் குறைக்கும்படி ஒரு ரூல் எழுதினேன். மைனஸ் ஆறு. அன்று முதல் கூரையும் குழாயும் காய்ச்சலும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கையைக் கூப்பிட்டு அரைமணி நேரம் இதைச் சொன்னேன். “சரிக்கா, அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

5. மூன்று மெயில்கள்

அந்தத் தங்கையின் மகள் கல்யாணத்துக்காக ஜனவரியில் லீவு போட்டுக் கோயம்புத்தூர் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று முதல் வேலையாக க்வாரன்டைனைத் திறந்தேன். ராமையா என்ற ஒரே ஆளிடமிருந்து மூன்று மெயில்கள் கிடந்தன.

ராமையா எங்கள் குந்தா எஸ்டேட் ஃபாக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு வந்தவர். சமீபத்தில்தான் ரிட்டையர் ஆகியிருந்தார். ரிட்டையர் ஆனவர்கள் கம்பெனி லயத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும், அது விதி. அவருடைய மகள் மஞ்சூர் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படிக்கிறாள், மார்ச்சில் பரீட்சை, அது முடியும்வரை லயத்தில் இருக்க அனுமதி வேண்டும். மனு அவ்வளவுதான்.

முதல் மெயிலுக்கு ஸ்கோர் ஆறு. அதற்குப் பதில் வராததால் இரண்டாவது. அதில் தாழ்மை அதிகம், ஸ்கோர் ஒன்பது. மூன்றாவதில் தாழ்மை, கண்ணீர், பாதம், கருணை, உங்கள் பிள்ளைகளைக் கடவுள் காப்பார், மிக மிக மிக அவசரம், எல்லாமே இருந்தது. ஸ்கோர் பதினான்கு. எங்கள் சர்வரில் அதுவரை எந்த விதவையும் பதினொன்றைத் தாண்டியதில்லை.

மூன்றாவது மெயிலின் கடைசியில், வருகிற சனிக்கிழமை சாவியைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று இருந்தது. நான் அதைப் படித்தது வியாழக்கிழமை.

நம்பரைத் தேடினேன். மூன்றிலும் இல்லை. டிவிஷன் இருந்தது, லயம் இருந்தது, செக்ரோல் நம்பர் மட்டும் இல்லை. என் மைனஸ் ஆறு வேலை செய்யவே இல்லை.

கடைக்குப் போன் போட்டேன்.

“அவருங்களா? பாவமுங்க மேடம். பதிலே வல்லைன்னு வந்து நின்னாரு. நான்தானுங்க இன்னுங் கொஞ்சம் பணிவாப் போட்டுப் பாக்கலாம்னு சொன்னேன். இப்பக்கூட இங்கதான் நிக்கறாரு, நாலாவது அனுப்பறதுக்கு.”

“ஐயோ, அனுப்பாதீங்க! போனை அவர்கிட்டக் குடுங்க.”

“சலாங்கம்மா” என்றது ஒரு மெதுவான குரல்.

“ஐயா, மனுவுல செக்ரோல் நம்பர் ஏன் போடலீங்க? அதை எப்பவும் போடுவீங்களே?”

“எனக்கு இப்ப நம்பர் இல்லீங்களேம்மா. பேர் வெட்டுன அன்னைக்கே அந்த நம்பரைப் புதுசா சேந்த பயலுக்குக் குடுத்துட்டாங்க. காலையில பெரட்டுல என் நம்பரைக் கூப்புட்டா அவன்தான் ‘ஓவ்’ சொல்றான். அடுத்தவன் நம்பரை நான் எழுதலாங்களா? அது பொய்யில்லீங்களா?”

வேலையில் இருக்கிறவனைத்தான் என் ரூலுக்குத் தெரியும். வேலை முடிந்துபோன மனுஷனை அது விதவையோடு சேர்த்துத் தள்ளிவிட்டது.

“சனிக்கிழம சாவி குடுக்கணுங்கம்மா. கூடலூர்ல தம்பி இருக்கான், அங்கதான் போவணும். அங்கயிருந்து புள்ள மஞ்சூருக்கு எப்புடிங்க வரும்? படிப்ப வுட்டுரும். அதான் பெரிய தொரகிட்ட மூணு தடவ கும்புட்டுக் கேட்டேன். பதிலக் காணோம். கும்புட்டது பத்தலையோ என்னமோன்னு இன்னொரு தடவ...”

“இனி நீங்க ஒண்ணும் கும்பிட வேண்டாங்க. சாயங்காலம் வரைக்கும் பொறுங்க” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

6. ஜி.எம். அறையில்

மெயில்களை விடுவித்துவிட்டு நேராக ஜி.எம். அறைக்குப் போனேன். அவர் மூன்றாவது மெயிலைத் திறந்தார். இரண்டு வரி படித்ததும் சிரித்தார்.

“என்ன சுமதி, விதவையை நீங்களே கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டீங்க?”

“முழுசாப் படிங்க சார். அந்தம்மா உங்களுக்குக் குடுக்கறேன்னு எழுதறாங்க. இவர் உங்ககிட்ட கேட்டு எழுதறார். வித்தியாசம் அவ்வளவுதான்.”

படித்தார். பிறகு இரண்டாவதையும் முதலாவதையும் தானே திறந்து படித்தார். சிரிப்பு போய்விட்டது.

“நான் எதையுமே பாக்கலையே.”

“ஃபில்டர் உங்களைப் பாக்க விடல சார்.”

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். வெளியே மூடுபனி ஜன்னலை ஒட்டி நின்றது. “ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க சுமதி. அந்த லயத்துக்குப் புது ஆள் காத்திருப்பான்.”

“கேக்கட்டும் சார். முடியும், முடியாதுன்னு சொல்றது உங்க வேலை. கேக்கறவங்க சத்தம் உங்க காதுல விழணும், அது என் வேலை. இவர் மூணு தடவை கேட்டும் விழல.”

அதை நான் கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எஸ்டேட் மேனேஜரைப் போனில் பிடித்தார். புது ஆளுக்கு வேறு இடம் பார்க்க முடியுமா என்று கேட்டார், எதிர்முனையில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. “மே மாசம் வரைக்கும்தான். பரீட்சை முடியட்டும்” என்று சொல்லி வைத்தார்.

“பதில் நீங்களே போட்டுருங்க. ரெண்டு வரி போதும். தாழ்மை எல்லாம் வேண்டாம்.”

இரண்டு வரி போட்டேன். போட்டதும் ஒரு சந்தேகம், எங்கள் பதில் அவருடைய புது ஐடியின் ஸ்பேமில் போய் விழுந்தால்? யாரையும் நம்பாமல் கடைக்கே போன் போட்டுச் சொன்னேன். சிவகுமார் போனை வைக்காமலே “ஐயா, மே வரைக்கும் இருக்கலாமாமுங்க!” என்று கத்தியது கேட்டது. “உக்காந்துட்டாருங்க மேடம்” என்றார் சிவகுமார்.

அன்றைக்கே ரூலை மாற்றினேன். எங்கள் எஸ்டேட்டுகளில் எதன் பெயர் ஒரு மெயிலில் இருந்தாலும், ஸ்கோர் நூறே வந்தாலும், அது க்வாரன்டைனுக்குப் போகாது. ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும். அதைப் பர்சனல் செக்‌ஷனில் ஒரு மனுஷர் தினமும் திறந்து படிப்பார். மெஷின் தடுமாறும் இடத்தில் ஆளை உட்கார வைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிவகுமாரோடும் பேசி முடித்தேன். கண்ணீரையும் பாதத்தையும் எடுத்துவிட அவர் சம்மதித்தார். “பெருமதிப்பிற்குரிய” மட்டும் இருந்தே ஆக வேண்டும் என்றார். “அதுவும் இல்லாட்டி மொட்டையா இருக்குதுங்க மேடம்.” சரி, ஒன்று இருக்கட்டும் என்று விட்டேன்.

ராமையா மே மாதம் சொன்னபடி சாவியைக் கொடுத்துவிட்டு இத்தலாரில் வாடகைக்கு வீடு பார்த்துப் போனார். மகள் ஊட்டியில் பி.காம் சேர்ந்திருக்கிறாள் என்று சிவகுமார் சொன்னார்.

7. என் மனு

போன வருஷம் நான் ரிட்டையர் ஆனேன். மாலை போட்டார்கள், பேசினார்கள், அன்று சாயங்காலமே என் ஆபீஸ் ஐடியை டிஸேபிள் செய்தார்கள். அதுதான் முறை. அந்த முறையை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

பிறகு ஒரு சர்வீஸ் சர்டிஃபிகேட் தேவைப்பட்டது. வீட்டிலிருந்து, புதிதாகத் திறந்த என் இலவச ஐடியில் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது மெயில் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதியபின் திரும்பப் படித்தேன். முதல் மெயிலில் வெறும் “சார்” என்று இருந்த இடத்தில் “மதிப்பிற்குரிய ஐயா” என்று போட்டிருந்தேன். “தயவுசெய்து” இரண்டு தடவை வந்திருந்தது. “தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்” என்று எனக்குத் தெரியாமலே என் கை எழுதியிருந்தது.

முப்பது வருஷம் அந்த ஆபீஸில் சத்தமாகப் பேசியவள் நான். ஒரே ஒரு மெயிலுக்குப் பதில் வராததில் இவ்வளவு குனிந்துவிட்டேன்.

எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யாவுக்குப் போன் போட்டேன்.

“கண்ணு, க்வாரன்டைனைக் கொஞ்சம் திறந்து பாரு.”

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். “அய்யோ மேடம், நீங்க இங்கயா இருக்கீங்க!”

புது இலவச ஐடி, எஸ்டேட் பெயரும் இல்லை; நான் எழுதிய ரூலே என்னைப் பிடித்து வைத்திருந்தது. இருவரும் சிரித்தோம். சர்டிஃபிகேட் மறுநாளே வந்தது. ரூல் எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. எத்தனை ரூல் வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் தடுத்து வைத்ததைத் தினமும் திறந்து படியுங்கள். பதில் வராதவர்கள் உங்கள் ஃபில்டரைக் குறை சொல்லமாட்டார்கள். தான் கும்பிட்டது போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குப் போன் போட்டுக் கேட்க ஒரு திவ்யா இருந்தாள். ராமையாவுக்கு யாரும் இல்லை.